மூன்றாவது இழுப்பு

பனி உடைந்த ஒன்பதாம் நாள்
வெய்யோ மோட்டாரைக் கொண்டுவந்தான்,
வோல்வோவின் பின்சீட்டில் கிடத்தி, போர்வை சுற்றி,
ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கூட்டிவருவதுபோல.
"உயிரே வரமாட்டேங்குது, ஹெல்கா. நீ ஒரு தரம் பாரு."

ஐம்பத்தெட்டாம் வருடத்து ஜான்சன். பத்துக் குதிரைத்திறன்.
பிரிந்தபோது
படகு எனக்கு, மோட்டார் அவனுக்கு என்று
மிக்கெலி கோர்ட்டில் ஒருத்தி தட்டச்சு செய்தாள்.
அவள் சிரிக்கவில்லை.
நாங்களும்தான்.

கார்புரேட்டரைக் கழற்றி
சாப்பாட்டு மேசையில், போன வார செய்தித்தாள் மேல் வைத்தேன்.
அதன் வாயில் ஓர் அச்சு.
அச்சில் காசு அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு இருக்க வேண்டும்.
குமிழை இழுத்தால் தகடு சாய்ந்து காற்றை மறிக்கும்,
குளிரில் விறைத்த எஞ்சினுக்குப் பெட்ரோல் தூக்கலாகக் கிடைக்கும்.
சோக் என்பது அவ்வளவுதான்.
அச்சு பச்சை பூத்து இறுகியிருந்தது.
தகட்டைக் காணோம்.
"எங்க போச்சு?" என்றான்.
"ஏரியில்," என்றேன். பொய் இல்லை.

புமலா பாலத்துக்குக் கீழே ஒரு ஜூன் மாதம்
திருகு கழன்று ஆடிய தகட்டை
சிலிண்டர் விழுங்கும் முன் இடுக்கியால் எடுத்தேன்.
விரல் வழுக்கியது.
மஞ்சளாக இரண்டு முறை மின்னி இறங்கிப் போனது.
அவன் கயிற்றைப் பிடித்தபடி கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"சோக்கை நான் பார்த்துக்கறேன், நீ இழு," என்றேன்.
பார்த்துக்கொண்டேன்.
பதினோரு கோடை.

குனிந்து, கையை உள்ளே விட்டு,
கார்புரேட்டரின் வாயை உள்ளங்கையால் பொத்துவேன்.
அவன் இழுப்பான். எஞ்சின் என் தோலை உறிஞ்சும்,
பெட்ரோல் ஆவியாகி எலும்புவரை சில்லிடும்.
இரண்டாவது இழுப்பில் ஒரு விக்கல்.
மூன்றாவதில் விரலை விரல் அகலம் விலக்க வேண்டும்,
ஒரு நொடி முந்தினால் செத்துவிடும்,
பிந்தினால் பிளக் நனைந்துவிடும்.
"மூணே இழுப்பு! தப்பவே தப்பாது!"
விருந்தாளிகளிடம் சொல்வான்.
இரவு சவுனாவுக்குப் பிறகும் என் கையில் பெட்ரோல் வாடை.

இப்போது,
மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சூடுகாட்டி,
வசவும் கொஞ்சம் சேர்த்து அச்சை அசைத்துவிட்டேன்.
சவுனா வெப்பமானியின் முதுகுத் தகட்டில்
நீள்வட்டமாக வெட்டி, அரம் போட்டு, பொருத்தி,
மறுபடி அரம் போட்டு.
நடுவில் ஊசித் துளை ஒன்று வேண்டும்:
மொத்தமாக அடைத்தால் எதுவும் கிளம்பாது.
இரண்டு திருகில் ஒன்று உருண்டு ஃபிரிட்ஜுக்கு அடியில் போக,
வெய்யோ குப்புறப் படுத்து டார்ச் அடித்துத் தேடினான்.
உச்சியில் வழுக்கை விழுந்திருக்கிறது.
ஆறு வருடத்தில் இதை யாராவது அவனிடம் சொல்லியிருப்பார்களா?
திருகோடு ஒரு பழைய புளூபெர்ரியும் கிடைத்தது.
திருகு முனைகளைச் சுத்தியால் தட்டி மழுக்கினேன்,
இனி கழலாது.

சோதித்துப் பார்க்க ஒரே இடம் என் படகு.
மாட்டினோம்.
அவனே குமிழை இழுத்தான்.
ஒன்று.
இரண்டு, விக்கல்.
மூன்றுக்கு அவன் தோள் பின்வாங்கிய நேரம்
என் வலது கை தானாக எழுந்து
காற்றில் நின்றது,
பொத்த எதுவும் இல்லாமல்.

நீலப் புகை. படபட. எதிர்க்கரையில் ஒரு நாய் குரைத்தது.
"பாத்தியா? மூணாவது இழுப்பு! எப்பவும் அப்படித்தானே?"
"எப்பவும்," என்றேன்,
கையைக் கால்சட்டையில் துடைத்து.

கூலி நாற்பது யூரோ.
ஐம்பதாக நீட்டினான்.
மீதி எடுத்துவர உள்ளே போனேன்.
பத்து யூரோ நோட்டு
கதவோரக் கிண்ணத்திலேயே இருந்தது.
கொஞ்ச நேரம் தேடினேன்.